கொல்வதா, பட்டினி போடுவதா? சவ்வில் வளரும் உயிர்களைப் பற்றிய ஒரு மதிப்பீடு

சிங்கப்பூரின் பாசிர் ரிஸ் டிரைவ் 12இல் யூ.எம்.சி.யின் சில்லு ஆலை இருக்கிறது. அதே வட்டாரத்தில் பாசிர் ரிஸ் இண்டஸ்ட்ரியல் டிரைவ் 1இல் எஸ்.எஸ்.எம்.சி.யின் சில்லு ஆலை இயங்குகிறது. மின்னணுச் சில்லு செய்யும் ஆலைக்குச் சிலிக்கனைப் போலவே தண்ணீரும் மூலப்பொருள். 2003இல் பொதுப் பயனீட்டுக் கழகம், மீட்டுச் சுத்திகரித்த கழிவுநீரான புதுநீரை முதன்முதலில் கொண்டு சேர்த்த இடங்களில் உட்லண்ட்ஸ், தெம்பனிஸ், பாசிர் ரிஸ் சில்லுத் தொழிற்பேட்டைகள் அடங்கும். இந்த ஆலைகளைச் சுற்றியுள்ள வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் நாம் குளித்துத் துவைத்து, கழிப்பறையில் இறைத்துவிட்ட நீர் ஆழத்துச் சுரங்கக் குழாயில் இறங்கிச் சாங்கி நீர் மீட்பு நிலையத்துக்குப் போகிறது. அங்கிருந்து வெளிவரும் நீரைப் புதுநீராக்கும் ஆலைகளும் சாங்கியிலேயே இருக்கின்றன. இப்படி வீட்டைவிட்டுப் போகும் நீருக்கும் ஆலைக்கு வந்து சேரும் நீருக்கும் நடுவே, எதிர்ச் சவ்வூடு பரவல் சவ்வின், அரை மைக்ரோமீட்டர்கூடத் தடிமன் இல்லாத பாலிஅமைடு அடுக்கு நிற்கிறது. அந்த அடுக்கின் மேல் உயிர் வளராமல் தடுப்பது எப்படி என்பதில் நாற்பது ஆண்டுகளாக ஆய்வாளர்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை. இங்கே எடைபோட எடுத்துக்கொள்வது அந்த வழக்கைத்தான்.

சவ்வை அடைப்பவை பல. சுண்ணாம்பு படியும், சிலிக்கா படியும், களிமண் துகள் படியும். ஆனால் அவையெல்லாம் நீரில் வந்த அளவுக்கு மேல் படிய மாட்டா. வடிகட்டி முக்கால் பங்கை நிறுத்தினால் கால் பங்குதான் படியும். நுண்ணுயிர் இந்தக் கணக்குக்குக் கட்டுப்படாது. ஒரு மில்லிலிட்டர் நீரில் பத்து லட்சம் உயிரணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றில் 99.99 விழுக்காட்டை நீக்கினாலும் நூறு மிஞ்சும். ஒரு கன மீட்டருக்கு அது பத்துக் கோடி. ஒட்டிய ஒன்று இரண்டாகும், இரண்டு நான்காகும். தன்னைச் சுற்றிப் பிசின் சுரந்துகொண்டு உள்ளே ஒடுங்கிவிடும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ்-குர்ட் ஃபிளெமிங் 1990களிலேயே இதை அழுத்தமாகச் சொல்லிவிட்டார்: எதிர்ச் சவ்வூடு பரவல் முறையின் பலவீனமான இடம் இதுவே, வடிகட்டலை மட்டும் கூட்டி இதைத் தீர்க்க முடியாது.

ஆகவே எந்தத் தடுப்பு முறையையும் மூன்று கேள்விகளால் சோதிக்க வேண்டும் என்பது என் நிலை. ஆய்வகத்தில் சில நாள் காட்டிய பலன் ஆலையில் ஆண்டுக்கணக்கில் நிற்குமா? உயிரைத் தடுக்கும்போது சவ்வையும் கெடுக்குமா? சேர்க்கும் மருந்து குடிக்கும் நீரில் எதை விட்டுச் செல்லும்? செலவு நான்காவது கேள்வி. அதை நான் கடைசியில் வைக்கிறேன், ஏனெனில் முதல் மூன்றில் தோற்றுப்போகும் முறை எவ்வளவு மலிவானாலும் பயனில்லை.

முதலில் இந்தச் சிக்கல் எப்படி உண்டானது என்று பார்க்க வேண்டும். சிங்கப்பூர் 1974லேயே கழிவுநீரைக் குடிநீராக்கும் ஒரு முன்னோடி ஆலையை நடத்திப் பார்த்தது. செலவு தாங்கவில்லை, சவ்வுகளும் நம்பும்படி இல்லை. திட்டம் கைவிடப்பட்டது. அன்றைய சவ்வுகள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனவை. கலிஃபோர்னியாவில் சிட்னி லோபும் இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜனும் 1950களின் இறுதியில் உருவாக்கிய வழியில் வந்தவை. அந்தச் சவ்வு ஓரளவு குளோரினைத் தாங்கும். ஆனால் அதுவே மரச்சத்திலிருந்து பிறந்த பொருள் என்பதால் நுண்ணுயிர் அதையே தின்னும். 1970களின் பிற்பகுதியில் ஜான் கடோட் உருவாக்கிய மெல்லிய பாலிஅமைடு அடுக்கு இதற்கு நேர் எதிர். நுண்ணுயிரால் அதைத் தின்ன முடியாது, குறைந்த அழுத்தத்தில் கூடுதல் நீர் கடத்தும், உப்பையும் நன்றாக நிறுத்தும். குளோரின் பட்டால் மட்டும் அதன் அமைடு பிணைப்புகள் சிதைந்துபோகும். ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராம் தனிக் குளோரின் தொடர்ந்து பட்டால் 200 முதல் 1000 மணி நேரத்துக்குள் கேடு வெளியே தெரியத் தொடங்கும் என்று தயாரிப்பாளர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகள் உழைக்க வேண்டிய பொருளுக்கு இது சில வார ஆயுள். உலகம் பாலிஅமைடைத் தேர்ந்தெடுத்தது. அந்தத் தேர்வு சரியானதே. ஆனால் அன்றோடு, குடிநீர்த் துறை கையில் வைத்திருந்த மிகப் பழைய ஆயுதம் சவ்வின் வாசலில் செல்லாததாகிவிட்டது.

அந்த இடத்தை நிரப்ப வந்தது குளோரமின். குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தால் கிடைப்பது. கொல்வதில் மெதுவானது, ஆனால் பாலிஅமைடு அதை ஆண்டுக்கணக்கில் பொறுத்துக்கொள்ளும். பிசினுக்குள் தனிக் குளோரினைவிட ஆழமாகவும் ஊடுருவும். கழிவுநீரை மீட்கும் ஆலைகளில், கலிஃபோர்னியாவின் ஆரஞ்சு கவுன்டியிலும் சிங்கப்பூரின் புதுநீர் ஆலைகளிலும், இதுவே காவல்காரன். லிட்டருக்குச் சில மில்லிகிராம் அளவில் நுண்வடிகட்டிக்கு முன்னே சேர்க்கிறார்கள், அது பரவல் சவ்வுவரை நீரோடு போகிறது.

இந்தக் காவல்காரனைப் புகழ்வோர் சிலவற்றைச் சொல்லாமல் விடுகிறார்கள். ஆரஞ்சு கவுன்டியின் பழைய ஆலையான வாட்டர் ஃபேக்டரி 21இல் ஹாரி ரிட்ஜ்வே 1980களில் சவ்வுகளைப் பிரித்து ஆராய்ந்தபோது, முந்தி ஒட்டிக்கொண்டவற்றில் மைக்கோபாக்டீரியங்கள் முக்கியமாக இருந்தன. மெழுகு போன்ற உறை கொண்ட, குளோரினுக்கு எளிதில் மசியாத இனம் அது. மருந்து போட்டால் உயிர் ஒழிவதில்லை. மருந்தைத் தாங்கும் உயிர் மிஞ்சி, போட்டியில்லாத இடத்தில் குடியேறுகிறது. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் பாங், லியூ ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வும் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. அடைபட்ட சவ்வின் நுண்ணுயிர்ப் படலத்தில் மேலோங்கியவை ரைசோபியேல்ஸ் வரிசையைச் சேர்ந்த பாக்டீரியாக்கள் என்று அவர்கள் கண்டார்கள். பயறு, உளுந்துச் செடிகளின் வேர்முடிச்சில் வாழும் பாக்டீரியாக்களும் இதே வரிசைதான். ஒட்டி வாழ்வதும் குறைந்த உணவில் தாக்குப்பிடிப்பதும் இந்த வரிசைக்குப் பழகிய வாழ்க்கை. சவ்வின் மேல் எல்லா நுண்ணுயிரும் சமமாகப் பெருகுவதில்லை என்பதை இந்த இரு ஆய்வுகளும் சேர்ந்து சொல்கின்றன. கொல்லும் முறையை மட்டும் நம்புவோர் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

பக்கவிளைவும் உண்டு. நீரில் சில கரிம அமின்கள் இருந்தால் குளோரமின் அவற்றோடு வினைபுரிந்து என்.டி.எம்.ஏ. என்ற சேர்மத்தை உண்டாக்கும். அது மிகச் சிறிய மூலக்கூறு, மின்னூட்டமும் அற்றது, அதனால் பரவல் சவ்வையே ஒரு பங்கு கடந்துவிடும். உலகச் சுகாதார நிறுவனம் குடிநீரில் அதற்கு வைத்த வழிகாட்டு அளவு லிட்டருக்கு 100 நானோகிராம். கலிஃபோர்னியாவில் 10 நானோகிராமைத் தாண்டினாலே அறிவிக்க வேண்டும். புறஊதா ஒளியைப் போதிய அளவு பாய்ச்சினால் அது சிதையும் என்பதால் இதைத் தீராத குறை என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் கணக்கில் அது ஒரு செலவு. காவலுக்கு வைத்த மருந்து தானே ஒரு வேலையை உண்டாக்குகிறது, அந்த வேலைக்கு மின்சாரம் செலவாகிறது.

இதைவிட முக்கியமான ஒன்றுக்கு விவாதங்களில் உரிய இடம் கிடைப்பதில்லை. குளோரமின் பாதுகாப்பாக இருப்பதற்கு நீரில் அம்மோனியா போதுமான அளவு இருக்க வேண்டும். அம்மோனியா நைட்ரஜனுக்கு ஐந்து மடங்கு எடைக்கு மேல் குளோரின் ஏறிவிட்டால் வேதியியல் திசை மாறும். இன்னும் ஏறினால் தனிக் குளோரின் தலைகாட்டும். அது சவ்வைத் தின்றுவிடும். கழிவுநீரின் அம்மோனியா அளவை முடிவுசெய்வது சவ்வுக்கு முன்னே இருக்கும் காற்றூட்டத் தொட்டியின் உயிரியல். அந்தத் தொட்டி ஒரு நாள் அம்மோனியாவை முழுவதும் நைட்ரேட்டாக்கி, மறுநாள் பாதியிலேயே விட்டால், பின்னால் நிற்கும் மருந்துப் பம்பு தடுமாறும். கொல்லும் ஆயுதத்தின் பாதுகாப்பே அதற்கு முன்னால் வாழும் நுண்ணுயிர்களின் ஒழுங்கைச் சார்ந்திருக்கிறது.

கடல்நீருக்கு இந்தக் காவலும் கிடையாது. கடலில் புரோமைடு ஏராளம். குளோரமின் அதோடு சேர்ந்தால் பிறக்கும் புரோமின் சேர்மங்கள் பாலிஅமைடைக் கெடுக்கும். ஆகவே கடல்நீர் ஆலைகள் தனிக் குளோரினை முன்னே போட்டு, சவ்வுக்குச் சற்று முன் பைசல்ஃபைட்டால் அதை நீக்கும் வழக்கத்தை வைத்திருந்தன. மேற்காசிய ஆலைகளின் அனுபவம் 1980களில் இதைக் கேள்விக்கு உள்ளாக்கியது. குளோரின் நீரிலுள்ள பெரிய கரிம மூலக்கூறுகளை உடைத்து, நுண்ணுயிர் எளிதில் உண்ணும் சிறு துண்டுகளாக்கிவிடுகிறது. குளோரின் நீக்கப்பட்ட இடத்திலிருந்து பிழைத்தவற்றுக்கு விருந்து ஆரம்பம். தொடர்ந்து குளோரின் போட்ட ஆலைகளில் அடைப்பு கூடியதும், நிறுத்தியபின் குறைந்ததும் பதிவாகியிருக்கின்றன. குளோரின் குறித்த என் முதல் முடிவை இங்கேயே சொல்லிவிடலாம். கடல்நீர்ச் சவ்வுக்கு முன் தொடர்ச்சியாகக் குளோரின் போடுவது தவறு. இடைவெளிவிட்டு, நுழைகுழாயில் சிப்பி வளராமல் காக்கும் அளவோடு அது நிற்க வேண்டும்.

பாசிர் ரிஸ் கடற்கரையில் நடப்பவர்களுக்குக் கடல்நீரின் மற்றொரு முகமும் தெரியும். 2015 பிப்ரவரி கடைசியில் ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் மிதவை நுண்பாசிகள் பெருகி, மீன் பண்ணைகளில் 500 முதல் 600 டன் மீன் மடிந்தது. செத்த மீன்கள் இந்தக் கரையில் வந்து ஒதுங்கின. 2008-2009இல் இதேபோன்ற ஒரு பெருக்கம் வளைகுடாவில் எட்டு மாதத்துக்கு மேல் நீடித்து, கடல்நீர் ஆலைகளை மூட வைத்தது. பாசிகள் சாகும்போது வெளிவிடும் பிசுபிசுப்பான சர்க்கரைச் சேர்மங்கள் சவ்வில் முதலில் ஒட்டி, பாக்டீரியா குடியேறத் தளம் போடுகின்றன. இதற்கு எந்தக் கொல்லி மருந்தும் விடையில்லை. 2018இல் திறந்த துவாஸ் கடல்நீர் ஆலை, காற்றுக் குமிழியால் மிதக்கவைத்து வழித்தெடுக்கும் முறையையும் நுண்வடிகட்டியையும் இணைத்து முன்னே வைத்தது. சாப்பாட்டைச் சவ்வுக்கு வருமுன்னே அகற்றும் வழி அது.

புறஊதா ஒளி, டி.பி.என்.பி.ஏ. போன்ற மற்ற கொல்லிகளில் நான் அதிகம் நிற்கப்போவதில்லை. ஒளி எச்சம் எதையும் விடாது, அதனாலேயே விளக்கைத் தாண்டியதும் அதன் காவலும் முடிந்துவிடும். டி.பி.என்.பி.ஏ. வேகமாக வேலை செய்யும், ஆனால் குடிநீர் தயாராகிக்கொண்டிருக்கும்போது ஓட்டத்தில் அதைப் போடுவதில் தயக்கம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். இரண்டும் துணைக் கருவிகள்.

உயிர் உண்மையில் எங்கே வளர்கிறது என்ற கேள்விக்கு வருவோம். விவாதம் பல ஆண்டுகள் திசைதவறியது இங்கேதான். ஆலையில் சவ்வு விரித்த தாளாக இருப்பதில்லை. 20 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் நீளமும் உள்ள உருளைக்குள் ஏறத்தாழ 37 சதுர மீட்டர் சவ்வைச் சுருட்டி வைத்திருப்பார்கள். அடுக்குகளுக்கு இடையே நீர் ஓட வழிவிடுவது ஸ்பேசர் என்ற நெகிழி வலை. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. நெதர்லாந்தின் யோஹன்னஸ் ஃபிராவன்வெல்டரும் உடன் ஆய்ந்தவர்களும் 2009இல் ஒரு எளிய, ஆனால் கூர்மையான சோதனையை வெளியிட்டார்கள். சவ்வு வழியே நீர் ஊடுருவவே விடாமல், நீரை ஸ்பேசர் மேல் ஓட மட்டும் விட்டார்கள். அப்போதும் அழுத்த இழப்பு அதே போக்கில் ஏறியது. அடைப்பு முதன்மையாக வலையின் பிரச்சினை, சவ்வின் மேற்பரப்பு இரண்டாவது என்று அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். நீரிணையில் மீன் வளர்ப்பவர்களுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கூண்டு வலையில் சிப்பியும் பாசியும் ஏறினால் மீனுக்குப் போகும் நீரோட்டம் நிற்கும். அதற்காக அவர்கள் மீனுக்குப் பூச்சு பூசுவதில்லை, வலையைக் கவனிக்கிறார்கள்.

இந்த வெளிச்சத்தில் பார்த்தால், ஆய்விதழ்களில் இடைவிடாது வந்துகொண்டிருக்கும் ஒட்டாச் சவ்வு ஆய்வுகள் தகுதியிழக்கின்றன. வெள்ளி நுண்துகள், கிராஃபீன் ஆக்சைடு, நீரை விரும்பும் பலபடிப் பூச்சு என்று எத்தனையோ. வேதியியல் அழகானது, அதைச் செய்தவர்களின் உழைப்பும் உண்மையானது. ஆனால் சோதனைகள் பெரும்பாலும் ஒரே ஒரு பாக்டீரியாவைக் கொண்டு சில மணி நேரமோ சில நாளோ நடந்தவை. உண்மையான கழிவுநீர் பட்ட சில மணி நேரத்தில் எந்த மேற்பரப்பும் கரிமப் பொருளால் போர்த்தப்பட்டுவிடும். அதன்பின் வரும் பாக்டீரியா பூச்சைத் தொடுவதே இல்லை, அதன் மேலிருக்கும் போர்வையைத்தான் தொடுகிறது. வெள்ளி கரைந்து வெளியேறிவிடும். ஸ்பேசரில் பூச்சே இருப்பதில்லை. சவ்வைக் கழுவும்போது அது படும் pH 12 காரத்தைப் பூச்சு எத்தனை முறை தாங்கும் என்பதைச் சோதித்த கட்டுரைகள் குறைவு. முதல் கேள்வியிலேயே இவை தோற்றுவிடுகின்றன. முதல் நாள் ஒட்டுதலைத் தள்ளிப்போடுவதைத் தடுப்பு என்று அழைப்பதை நான் ஏற்க மாட்டேன்.

நுண்ணுயிர்களோடு அவற்றின் மொழியிலேயே பேசிக் கலைக்கும் முயற்சி இதைவிட மரியாதைக்குரியது. படலம் கட்டுமுன் பாக்டீரியாக்கள் தமக்குள் வேதிச் சைகை அனுப்பிக் கூட்டம் சேர்கின்றன. சோல் தேசியப் பல்கலைக்கழகத்தின் சுங்-ஹாக் லீ குழு, அந்தச் சைகையை அழிக்கும் பாக்டீரியாக்களைச் சிறு மணிகளில் அடைத்து, கழிவுநீரை நுண்ணுயிராலும் சவ்வாலும் ஒருசேரச் சுத்திகரிக்கும் சவ்வு உயிர்த்தொட்டியில் மிதக்கவிட்டது. அழுத்தம் ஏறுவது தாமதமானது. மணிகள் சவ்வை உரசித் துடைப்பதும் பலனில் ஒரு பங்கு வகிப்பதால், அவர்கள் வெறும் மணிகளையும் ஓட்டி ஒப்பிட்டார்கள். நேர்மையான ஆய்வு இப்படித்தான் தன் மேலேயே சந்தேகப்படும். இங்கே நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 2011இல் தொடங்கிய ஸ்கெல்ஸ் ஆய்வு மையம் வேறொரு சைகையை எடுத்துக்கொண்டது. மிகக் குறைந்த அளவு நைட்ரிக் ஆக்சைடு பட்டால் படலத்திலிருக்கும் பாக்டீரியா கலைந்து நீந்தத் தொடங்கும். பரவல் சவ்விலிருந்து எடுத்த பாக்டீரியாக்களிடமே ஆய்வகத்தில் இதைக் காட்டினார்கள்.

இதில் எனக்கு இரண்டு தயக்கங்கள். ஒரு அழுத்தக் குழலில் ஆறேழு சுருள்கள் வரிசையாக இருக்கின்றன. முதல் சுருளில் கலைந்தவை அடுத்ததில் ஒட்டாதா? தவிர, நைட்ரிக் ஆக்சைடு தரும் சேர்மங்களின் விலையும் அவை விட்டுச்செல்லும் எச்சமும் நாளுக்கு 2,28,000 கன மீட்டர் நீர் தரும் ஒரு ஆலையின் அளவில் சோதிக்கப்பட வேண்டியவை. சவ்வு உயிர்த்தொட்டிக்குச் சைகை அழிக்கும் மணிகள் இன்றே பெரிய அளவில் ஓட்டிப் பார்க்கத் தக்கவை. பரவல் சவ்வுக்கு இந்த வழி இன்னும் ஆய்வு நிலைதான். இரண்டையும் ஒரே பெயரில் கூட்டிச் சொல்வது குழப்பம். உயிர்த்தொட்டியின் சவ்வு குறைந்த அழுத்தத்தில் இயங்குவது, ஹைப்போகுளோரைட்டைத் தாங்குவது, வாரந்தோறும் கழுவக்கூடியது. அதில் வரும் அடைப்பும் பரவல் சவ்வில் வரும் அடைப்பும் இரண்டு வெவ்வேறு நோய்கள்.

பட்டினி போடும் முறைக்கு வருகிறேன். எளிதில் உண்ணக்கூடிய கரிமத்தை லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் அளவுக்குக் குறைத்தால், கிருமிநாசினி எதுவும் இல்லாமலே நீர் நிலைத்திருக்கும் என்பது டச்சுக் குடிநீர்த் துறை நெடுங்காலம் பின்பற்றும் அளவுகோல். கரிமம் மிகுந்த நீரில் பாஸ்பரஸைப் பறித்தால் அதே பலனைப் பெறலாம் என்று ஃபிராவன்வெல்டர் குழு 2010இல், இயங்கிக்கொண்டிருந்த ஒரு ஆலையின் அனுபவத்தோடு வாதிட்டது. பாங்கும் லியூவும் இங்கே 2006இல் காட்டியதும் இதற்கு இசைவானது. நீரை முதலில் ஒரு உயிர்வடிகட்டி வழியே விட்டால், அங்கே வாழும் பாக்டீரியாக்கள் கரிமத்தை உண்டு தீர்த்துவிடும். பின்னால் படலம் வளர்வது குறையும், அதில் வாழும் இனங்களும் மாறும். வேண்டாத இடத்தில் வளராதிருக்க, வேண்டிய இடத்தில் வளரவிடு என்பதே இதன் தத்துவம். வளரும் உயிரின் மொத்த அளவு குறைவதில்லை, அது வாழும் முகவரி மாறுகிறது.

எதிர்வாதங்கள் வலுவானவை. காற்றூட்டிச் சுத்திகரித்த கழிவுநீரில்கூட லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரிமம் மிஞ்சும். அதில் நுண்ணுயிர் எளிதில் உண்ணும் பங்கு டச்சு அளவுகோலைவிடப் பல மடங்கு. புதுநீர் ஆலையில் 10 மைக்ரோகிராமை எட்டுவது கனவு. பாஸ்பரஸ் பற்றாக்குறையில் சில இனங்கள் எண்ணிக்கையில் குறைந்தாலும் பிசினைக் கூடுதலாகச் சுரக்கின்றன. மூன்றாவது சாட்சி பாசிர் ரிஸ்ஸின் ஆலைகள் சார்ந்த தொழிலிலிருந்தே வருகிறது. சில்லு ஆலைகள் தாம் வாங்கிய நீரை மறுபடியும் பரவல் சவ்வு, அயனிப் பரிமாற்றம், புறஊதா எனப் பல படிகளில் கடத்தி, அநேகமாக எதுவும் இல்லாத அதிதூய நீராக்குகின்றன. உலகெங்கும் அப்படிப்பட்ட நீர்க்குழாய்களுக்குள்ளும் ரால்ஸ்டோனியா பிக்கெட்டி போன்ற பாக்டீரியாக்கள் வாழ்வதைக் கண்டிருக்கிறார்கள். முழுப் பட்டினி என்று ஒன்று கிடையாது.

ஆனால் இந்தச் சாட்சியம் பட்டினி முறையைத் தோற்கடிப்பதாக நான் கருதவில்லை. அது முறையின் எல்லையைச் சொல்கிறது. வளர்ச்சியை நிறுத்த முடியாது, வேகத்தைக் குறைக்க முடியும். ஆலை நடத்துபவருக்கு வேண்டியதும் அதுவே. மாதம் ஒருமுறை கழுவுவதற்கும் அரையாண்டுக்கு ஒருமுறை கழுவுவதற்கும் உள்ள வேறுபாட்டில்தான் சவ்வின் ஆயுளும் மின்கட்டணமும் இருக்கின்றன. மற்ற முறைகளுக்கு இல்லாத ஒரு சிறப்பும் இதற்கு உண்டு. மருந்தைத் தாங்கும் இனம் தேர்ந்தெடுக்கப்படும், பூச்சு தேய்ந்துபோகும், சைகையைக் கேட்காத இனம் வரும். உணவில்லாமல் பெருகும் இனம் மட்டும் எந்தக் காலத்திலும் வராது.

சாங்கியின் அமைப்பை இந்தக் கண்ணோட்டத்தில் படித்துப் பார்க்கலாம். 2009இல் திறந்த நீர் மீட்பு நிலையம், கிராஞ்சியிலிருந்து சாங்கிவரை 48 கிலோமீட்டர் ஓடும் சுரங்கத்தின் முடிவில் இருக்கிறது. நீர் சரிவிலேயே வந்து சேர்கிறது, நாளுக்கு 8,00,000 கன மீட்டர் அளவில் சுத்திகரிக்கும்படி அது கட்டப்பட்டது. இவ்வளவு பெரிய, சீரான வரத்து காற்றூட்டத் தொட்டியின் உயிரியலை நிலையாக வைத்திருக்க உதவும். மழைநீர்க் கால்வாயும் கழிவுநீர்க் குழாயும் இந்நாட்டில் தனித்தனி என்பதால், பெருமழை பெய்தாலும் தொட்டி நீர்த்துப்போவது குறைவு. தீவின் மேற்கே அமையும் இரண்டாம் கட்டச் சுரங்கத் திட்டத்தில் வீட்டுக் கழிவுநீரையும் தொழிற்சாலைக் கழிவுநீரையும் தனித்தனியே கொண்டுவருகிறார்கள். 1974இல் தோற்றது பின்னர் வென்றதற்குப் பாலிஅமைடும் நுண்வடிகட்டியும் காரணம் என்று சொல்வது வழக்கம். சொல்வதில் தவறில்லை. ஆனால் முன்னே நடக்கும் உயிரியலுக்கு உரிய பெருமையை யாரும் கொடுப்பதில்லை. சவ்வுக்கு எதிரியாக நாம் பேசும் அதே உலகத்து உயிர்கள்தான் தொட்டியில் கரிமத்தை உண்டு சவ்வைக் காப்பாற்றுகின்றன.

இதோடு சேர்த்து எண்ண வேண்டியது இயக்கும் ஒழுக்கம். சவ்வின் ஒரு சதுர மீட்டர் வழியே மணிக்கு எத்தனை லிட்டர் இழுக்கிறோம் என்பது ஒரு ஆலையின் குணத்தைச் சொல்லிவிடும். சுத்தமான கிணற்று நீருக்கு முப்பதை நெருங்கலாம். மீட்ட கழிவுநீருக்குப் பதினைந்து முதல் இருபதுக்குள் நிற்பதுதான் நெறி. பேராசையோடு இழுத்தால் உணவும் உயிரும் சவ்வை நோக்கி வேகமாக வந்து சேரும். நன்யாங்கில் 2008இல் சவ்வுத் தொழில்நுட்ப மையத்தை உருவாக்கிய ஆந்தனி ஃபேன் போன்றவர்கள் வாழ்நாள் முழுதும் இந்த எல்லையைப் பற்றியே பேசினார்கள். கழுவுவதிலும் நேரம் முக்கியம். அழுத்த இழப்பு 15 விழுக்காடு ஏறியதும், அல்லது நீர்வரத்து 10 விழுக்காடு குறைந்ததும் கழுவ வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொது விதி. முப்பது, நாற்பது விழுக்காடுவரை காத்திருந்தால் பிசின் இறுகிவிடும். காரக் கழுவல் முதலில், அமிலக் கழுவல் பிறகு. வரிசையை மாற்றினால் அமிலம் படலத்தைக் கெட்டியாக்கிவிடும். ஆய்விதழில் இடம்பெறாத இந்தச் சின்ன அறிவு, இரவு வேலை பார்க்கும் ஆலைத் தொழில்நுட்பர் கையில் இருக்கிறது. எந்த நவீனப் பூச்சைவிடவும் அதற்கு நான் கூடுதல் மதிப்பு தருவேன்.

ஆக, என் தீர்ப்பு இது. கழிவுநீர் மீட்பில் முதல் தடுப்பு காற்றூட்டத் தொட்டி. பட்டினி அங்கேதான் தொடங்குகிறது, கூடுதல் முதலீடு அங்கே போக வேண்டும். குளோரமின் தேவை, ஆனால் காவலாக மட்டும், வேலை நடக்கும் மிகக் குறைந்த அளவில். தொட்டி சரியாக இயங்காத ஆலையில் அளவைக் கூட்டிச் சமாளிப்பது சவ்வுக்கும் குடிப்பவருக்கும் அநீதி. உப்புப் படிவைத் தடுக்கச் சேர்க்கும் மருந்துகளில் பாஸ்பரஸ் சார்ந்தவை பல, அவையே நுண்ணுயிருக்கு உரமாகலாம். பாஸ்பரஸ் இல்லாத மாற்றைச் சோதிப்பது கையருகே இருக்கும் மலிவான மேம்பாடு, அதைத் தள்ளிப்போட நியாயமில்லை. ஸ்பேசரின் வடிவத்தை மாற்றும் ஆய்வுக்கு ஊக்கம் கொடுக்கலாம். ஒட்டாச் சவ்வுகளுக்கு, உண்மையான கழிவுநீரில் குறைந்தது ஓராண்டு ஓடி, பலமுறை காரத்தில் கழுவப்பட்டபின் முடிவு காட்டினால் மட்டுமே பொதுப்பணம் கொடுக்க வேண்டும். சைகை முறைகளுக்கு உயிர்த்தொட்டியில் அனுமதி. பரவல் சவ்வில் காத்திருப்பு.

சென்னையிலிருந்து வந்து கேட்பவர்களிடமும் இதையே சொல்வேன். 2019இல் கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் தலா நாளுக்கு 4.5 கோடி லிட்டர் அளவில் கழிவுநீரைப் பரவல் சவ்வு வழியே மீட்டுத் தொழிற்சாலைகளுக்குத் தரும் ஆலைகள் வந்தன. 1990களின் தொடக்கத்திலேயே மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இதைச் செய்து காட்டிய நகரம் அது, ஆகவே அனுபவத்துக்குக் குறைவில்லை. அங்கே சவால் வேறு. வடகிழக்குப் பருவமழை நாட்களில் மழைநீர் சாக்கடையில் கலந்து தொட்டிக்குள் வரும், மின்தடையில் காற்றூட்டம் நின்றால் அம்மோனியா ஏறும், மறுநாள் இறங்கும். இப்படி ஆடும் நீரின் முன்னால் உலகின் சிறந்த சவ்வை வைத்தாலும் அது சீக்கிரம் அடைபடும், பழி சவ்வின் மேல் விழும். ஒப்பந்தப்புள்ளி எழுதும்போது சவ்வின் தயாரிப்புப் பெயரையும் உத்தரவாத ஆண்டையும் குறிப்பதற்கு முன், சவ்வுக்குள் நுழையும் நீரின் அம்மோனியா, பாஸ்பரஸ், கரிம அளவுகள் எவ்வளவுக்குள் ஆடலாம் என்ற எல்லையை எழுத வேண்டும். அந்த எல்லைக்குப் பொறுப்பு சுத்திகரிப்பு நிலையத்தை நடத்துபவருடையது என்றும், எல்லை மீறிய நாளில் நீரைச் சவ்வுக்கு அனுப்பாமல் திருப்பிவிடும் அதிகாரம் ஆலைப் பொறியாளருக்கு உண்டு என்றும் அதே பக்கத்தில் எழுத வேண்டும்.